கரப்பான் திரும்பத் திரும்ப வருகிறதா? வாரம் இரு நாள் பூச்சு முறை

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்)



"போன மாசந்தான் ஆறிச்சு. இப்ப மறுபடியும் பொரிஞ்சு கெடக்குது. ராத்திரி பூரா சொறியுது. புள்ளையும் தூங்கல, நாங்களும் தூங்கல." கரப்பான் உள்ள குழந்தையின் தாய் எவரும் சொல்லும் வார்த்தை இது. மருந்து போட்டால் ஆறுகிறது. மருந்தை விட்டால் வருகிறது. கடைசியில் மருந்தின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. சிலர் மருந்தைக் கண்டு பயந்து நிறுத்துகிறார்கள். சிலர் கடையில் கேட்டு, இருப்பதிலேயே வலுவான டியூபை வாங்கிக் கண்டபடி பூசுகிறார்கள். இரண்டும் தவறு.

கரப்பான் வந்த பிறகு அதன் பின்னால் ஓடாமல், வருமுன்பே தடுத்து நிறுத்த ஒரு முறை உண்டு. செலவு குறைவு. வீட்டிலேயே செய்யலாம். ஆனால் டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாளில் பூச வேண்டும். அதை இப்பாடத்தில் பார்ப்போம்.

கரப்பான் என்றால் என்ன?

நம் உடம்பின் தோல் ஒரு சுவர் போன்றது. நன்றாகப் பூசிய சுவருக்குள் மழைநீர் இறங்காது. பூச்சு உதிர்ந்த சுவரில் ஈரம் இறங்கும், விரிசல் விடும், பூச்சி புகும். கரப்பான் உள்ளவரின் தோல் பூச்சு உதிர்ந்த சுவர். உள்ளே இருக்கும் ஈரப்பசை வெளியே போய்விடுகிறது. வெளியே இருக்கும் தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. உடம்பு அவற்றை எதிர்த்துப் போராடும்போது தோல் சிவக்கிறது, வீங்குகிறது, அரிக்கிறது. சொறியச் சொறிய பூச்சு இன்னும் உதிர்கிறது. அரிப்பு இன்னும் கூடுகிறது. செக்கு மாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

தோலின் இந்தப் பூச்சை உண்டாக்க உதவும் ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இதற்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை 2006ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆகவே இது குடும்பவழியில் வரக்கூடிய ஒன்று. தாய்க்கோ தகப்பனுக்கோ ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், கரப்பான் இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். இது யாருடைய குற்றமும் அல்ல. "உன் பால் சரியில்லை", "உன் வம்சத்து வியாதி" என்று பெண்ணைக் குறை சொல்வது அறியாமை.

கரப்பான் ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டால் பரவாது. அந்தக் குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் அனுப்பலாம். வழக்கமான தடுப்பூசிகளையும் தவறாமல் போட வேண்டும். கரப்பான் இருந்தால் அம்மை குத்தக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பெரியம்மைத் தடுப்பூசியைப் பற்றியது. அன்றைக்கு அது உண்மை. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஊசியை இப்போது நம் குழந்தைகளுக்குப் போடுவதே இல்லை.

வயதுக்கு ஏற்ப இடம் மாறும்

கைக்குழந்தைக்கு முதலில் கன்னத்திலும் தலையிலும் வரும். தவழும் வயதில் கை, கால்களின் வெளிப்புறத்தில் வரும். நடக்கும் பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகிய இடங்களில் வரும். பெரியவர்களுக்குக் கைகளில் அதிகம். வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தணிந்துவிடும். அதுவரை தோலைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

இது கரப்பான்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அரிப்பதெல்லாம் கரப்பான் அல்ல. தப்பான நோய்க்கு இந்த மருந்தைப் பூசினால் கெடுதல் வரும்.

1. சொறி சிரங்கு: விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், மறைவிடம் ஆகியவற்றில் சிறு கொப்புளம். இரவில் அரிப்பு அதிகம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வரும். இது ஒரு சிறு பூச்சியால் வருவது. இதற்கு மருந்து வேறு. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

2. படர்தாமரை: வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து காணப்படும். இடுப்பு, தொடை இடுக்கில் அதிகம். இது காளான் கிருமியால் வருவது. இதன் மேல் ஸ்டீராய்டு களிம்பு பூசினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கியது போல் இருக்கும். உள்ளே கிருமி செழித்துப் பரவும். பிறகு வட்டமும் தெரியாது, டாக்டருக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும்.

3. உணர்ச்சியற்ற தேமல்: அரிக்காது. தொட்டால் உணர்வு இருக்காது. இது தொழுநோயாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், முழுதாகக் குணமாகும். ஆனால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஆகவே முதல் தடவை டாக்டர் பார்த்து "இது கரப்பான்" என்று சொன்ன பிறகே கீழ்க்கண்ட முறையைத் தொடங்க வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பு: நண்பனா, விரோதியா?

நம் உடம்பே சுரக்கும் ஒரு பொருளைப் போலச் செய்யப்பட்டது இம்மருந்து. அந்தப் பொருளைக் கண்டறிந்து மருந்தாகப் பயன்படுத்திய கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் என்ற மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் அமெரிக்காவில் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைத் தோல் நோய்க்குப் பூசி நல்ல பலன் கண்டார்கள். அன்று முதல் இன்று வரை கரப்பானை அடக்கும் முதன்மையான மருந்து இதுதான். உடம்பை முறுக்கேற்ற விளையாட்டுக்காரர்கள் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு.

இந்த மருந்தில் நான்கு தரம் உண்டு.

மென்மையானது: ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம்.
நடுத்தரம்: குளோபெட்டசோன்.
வலுவானது: பீட்டாமெத்தசோன் வாலரேட் 0.1 சதவீதம், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன்.
மிக வலுவானது: குளோபெட்டசால்.

முகத்திற்கும் மென்மையான தோலுக்கும் ஒன்று, உள்ளங்கை உள்ளங்காலின் தடித்த தோலுக்கு ஒன்று. எது உங்கள் பிள்ளைக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு டியூப் நம் வீட்டுக்கு ஆகாது. ஒரு பெயர் இன்னொரு பெயரைப் போலவே இருக்கும். குளோபெட்டசோனும் குளோபெட்டசாலும் காதுக்கு ஒன்று போலத் தோன்றினாலும் வலுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாங்கும்போது சீட்டில் எழுதியதும் டியூபில் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

சரியாகப் பூசாமல் மாதக்கணக்கில் கண்டபடி பூசினால் என்ன ஆகும்? தோல் மெலிந்து காகிதம் போலாகும். சிவப்பு நரம்பு தெரியும். முகத்தில் பரு, முடி வளரும். நிறுத்தினால் முகம் எரியும். கண்ணருகே தொடர்ந்து பட்டால் கண்ணின் அழுத்தம் கூடும். நம் நாட்டில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். முகத்தில் தோல் கோளாறு என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 100க்கு 59 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டர் அல்ல. சிவப்பாக வேண்டும் என்று பூசியவர்களும் பலர். இந்தக் கெடுதலைத் தடுக்கவே 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு ஒன்றையே "எல்லா அரிப்புக்கும் கேட்கும்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் எழுதாத டப்பா மருந்தும் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டு, "ஐயையோ, இந்த மருந்தே வேண்டாம்" என்று ஒதுங்குவதும் சரியல்ல. வைக்கோலை வெட்டும் அரிவாள் கையையும் வெட்டும் என்பதற்காக அரிவாளே இல்லாமல் விவசாயம் செய்கிறோமா? பிடிக்கும் விதம் தெரிந்தால் போதும்.

முதல் படி: தீயை அணைப்பது

கரப்பான் கிளம்பியிருக்கும்போது டாக்டர் கொடுத்த களிம்பைத் தினமும் ஒரு வேளை பூச வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை பூசினால்தான் கேட்கும் என்பதில்லை. வலுவான களிம்பை ஒரு வேளை பூசினாலே இரு வேளை பூசிய பலன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ராத்திரி படுக்கும் முன் பூசுவது சௌகரியம்.

எத்தனை நாள்? பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். முகத்திற்கு மூன்று முதல் ஐந்து நாள்தான். டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றதும் டியூபை மூடி வைத்துவிடுகிறார்கள். அடுப்பில் தீ அணைந்தது போலத் தெரிந்தாலும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும் அல்லவா? காற்றடித்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் இன்னும் ஆறவில்லை. பக்கத்துத் தோல் போல வழவழப்பாக ஆன பிறகும் இரண்டு நாள் பூசி, அப்புறம் தினப் பூச்சை நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: வாரம் இரு நாள் காவல்

தோல் ஆறிவிட்டது. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அடிக்கடி கரப்பான் வந்த இடத்தில் தோலுக்கு உள்ளே கங்கு இருந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே மாதத்திற்கு இரண்டு மூன்று தடவை கிளம்பும் கரப்பான் உள்ளவர்களுக்கு, ஆறிய பிறகும் வாரத்தில் அடுத்தடுத்த இரு நாள் மட்டும், வழக்கமாக வரும் இடங்களில் மட்டும், அதே களிம்பை மெல்லியதாகப் பூசும்படி டாக்டர் சொல்வார். மற்ற ஐந்து நாள் வெறும் எண்ணெய் அல்லது வாசலின் போதும். இதுவே வாரம் இரு நாள் பூச்சு முறை.

பலன் உண்டா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து கோக்ரேன் என்ற அமைப்பு 2022இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. இம்முறையைச் செய்யாதவர்களில் 100க்கு 58 பேருக்குக் கரப்பான் திரும்ப வந்தது. செய்தவர்களில் 100க்கு 25 பேருக்குத்தான் வந்தது. அந்த ஆய்வுகளில் இரு நாள் முறையால் தோல் மெலிந்ததாக எவருக்கும் காணப்படவில்லை. ஆனால் அவை ஒருசில மாதங்கள் நடந்த ஆய்வுகள். ஆகவே நீங்களாக வருடக்கணக்கில் தொடரக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி, தொடரலாமா நிறுத்தலாமா என்று கேட்க வேண்டும்.

நாள் மறக்காமலிருக்க ஒரு வழி: உங்கள் ஊர்ச் சந்தை நாளும் அதற்கு மறுநாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தைப் பையை எடுக்கும்போதே டியூபின் நினைவு வரும். காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

இடையில் கரப்பான் கிளம்பிவிட்டால்? முதல் படிக்குத் திரும்புங்கள். தினம் ஒரு வேளை. ஆறியதும் மறுபடி இரு நாள் காவல்.

எவ்வளவு பூசுவது? விரல்நுனி அளவு

"கொஞ்சம்" என்றால் ஒருவருக்கு மிளகு அளவு, இன்னொருவருக்கு எலுமிச்சை அளவு. அதனால் உலகெங்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். இது ஒரு விரல்நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு இது போதும். பிள்ளைக்குப் பூசினாலும் அளப்பது பெரியவர் விரலாலேதான்.

1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு, அந்தப் பகுதி முழுவதும் கரப்பான் இருந்தால்:

முகமும் கழுத்தும்: 1½ விரல்நுனி
ஒரு கையும் புறங்கையும்: 1½
ஒரு காலும் பாதமும்: 2
மார்பும் வயிறும்: 2
முதுகும் பிட்டமும்: 3

கொஞ்ச இடத்தில் மட்டும் இருந்தால் அதற்குத் தக்கபடி குறையும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு முழங்கை மடிப்பிலும் இரண்டு முழங்கால் மடிப்பிலும் வருகிறது. ஒவ்வோர் இடமும் அரை உள்ளங்கை அகலம். ஆக மொத்தம் இரண்டு உள்ளங்கை. ஒரு தடவைக்கு ஒரு விரல்நுனி, அதாவது அரை கிராம். வாரம் இரு நாள் என்றால் ஒரு கிராம். 16 வாரத்திற்கு 16 கிராம்.

காவல் இல்லாமல் விட்டால்? அதே 16 வாரத்தில் மூன்று தடவை கரப்பான் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் பூச வேண்டும். பத்து நாளுக்கு 5 கிராம். மூன்று தடவைக்கு 15 கிராம். செலவாகும் மருந்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. மற்றொன்றில் முப்பது ராத்திரி தூக்கம் போகிறது, தகப்பனுக்குக் கூலி வேலை போகிறது, தோல் தடித்துக் கறுக்கிறது.

ஒரு சிறு உரையாடல்

தாய்: நர்ஸம்மா, தோலுதான் நல்லாயிடுச்சே. ஒண்ணுமில்லாத எடத்துல எதுக்கு மருந்து பூசணும்?

செவிலியர்: ஏரிக்கரைய எப்பம்மா பலப்படுத்துவோம்? ஒடஞ்ச பொறவா, ஒடையறதுக்கு முன்னாடியா?

தந்தை: அதுவும் சரிதானுங்க. ஆனா இந்த மருந்து ஒடம்புல ஊறிப்போயி புள்ள வளராதுன்னு எங்கம்மா சொல்லுது.

செவிலியர்: மாசக்கணக்குல, ஒடம்பு பூரா, வலுவான மருந்த பூசுனா அந்த பயம் நெசந்தான் தம்பி. நாம பூசறது நாலு மடிப்புல, வாரத்துல ரெண்டே நாள். ராத்திரி தூக்கமில்லாம, சோறு எறங்காம கெடந்தாத்தான் புள்ள எளைச்சுப் போகும்.

தாய்: ஏங்க, கேட்டீங்களா? அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க.

தந்தை: சரி, நான் சொல்றேன். சந்த நாளுல பூசறது என் பொறுப்பு.

செவிலியர்: அப்படிச் சொல்லுங்க தம்பி! டியூபு மேல என்னிக்குத் தெறந்தோம்னு ஒரு தேதி எழுதி வச்சிருங்க. அடுத்த தடவ வரும்போது அதையே எடுத்துக்கிட்டு வாங்க. எவ்வளவு செலவாச்சுன்னு பாத்தாலே, கம்மியா பூசறீங்களா, அதிகமா பூசறீங்களான்னு தெரிஞ்சுடும்.

மருந்து பாதி, பராமரிப்பு பாதி

குளியல்: தினமும் குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிஷத்துக்குள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் நுரை வராது என்று சோப்பை மேலும் மேலும் தேய்ப்பது நம் பக்கத்து வழக்கம். சோப்பு தோலின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும். அக்குள், இடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்குச் சோப்பு வேண்டாம்.

எண்ணெய்: குளித்து ஒற்றித் துடைத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை சேராத வெள்ளை வாசலின் தடவுங்கள். தினம் இரண்டு வேளை. இதுவே உதிர்ந்த சுவருக்கு நாம் போடும் பூச்சு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சுத்தத் தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்குக் கனிம எண்ணெய் தடவியவர்களைவிட அதிகப் பலன் தெரிந்தது. களிம்பு பூசும் நாளில் களிம்புக்கும் எண்ணெய்க்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நகமும் துணியும்: நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள். பருத்தித் துணி போடுங்கள். கம்பளியும் நைலானும் மேலே உரச வேண்டாம். துணியில் சோப்புத்தூள் நிற்காமல் நன்றாக அலசுங்கள். வீட்டிற்குள் பீடி, சிகரெட் வேண்டாம்.

மஞ்சள், வேப்பிலை, சுண்ணாம்பு, சாம்பல், பூண்டு ஆகியவற்றை அரைத்துப் புண்ணான தோலில் அப்பாதீர்கள். எரிச்சல் கூடும், சீழ் வைக்கும்.

கரப்பான் பண்டம் என்று பட்டினி போடாதீர்கள்

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, கம்பு, சோளம், மொச்சை எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது நம் வழக்கம். பிள்ளைக்கு மட்டுமல்ல, பால் கொடுக்கும் தாய்க்கும் பத்தியம். கடைசியில் தாய்க்கு ரத்தம் குறைகிறது, பிள்ளை எடை ஏறுவதில்லை. கரப்பானோ அப்படியே இருக்கிறது.

உண்மை என்னவென்றால், சில குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாது. அதைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கும், தடிப்பு எழும்பும், வாந்தி வரும். அப்படிக் கண்ணால் பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு கேழ்வரகு, பருப்பு, முட்டை, கீரை என்று எல்லாம் கொடுங்கள்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியவை

1. பனிக்காலம்: மார்கழி, தை மாதங்களில் தருமபுரிப் பக்கம் குளிரும் வறண்ட காற்றும் அதிகம். தோல் வெடிக்கும். அந்த இரு மாதமும் எண்ணெயை மூன்று வேளையாக்குங்கள். இரு நாள் காவலைத் தவற விடாதீர்கள்.

2. பார்த்தீனியம் செடி: வெள்ளைப் பூப் பூக்கும் காங்கிரஸ் செடி என்று நாம் சொல்வது. 1950களில் பூனாவில் முதலில் கவனிக்கப்பட்டு, நாடெங்கும் பரவியது. இதன் தூளும் உலர்ந்த துகளும் காற்றில் வந்து பட்டாலே சிலருக்கு முகம், கண் இமை, கழுத்து, கைகளில் கரப்பான் கிளம்பும். வெளியே வேலை செய்யும் பெரியவர்களுக்கு இது அதிகம். செடியைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் பிடுங்கக் கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையுடன் பிடுங்குங்கள்.

3. சாமந்தி: இதுவும் பார்த்தீனியம் குடும்பத்துச் செடிதான். பூப்பறிக்கும் கைகளில் வெடிப்பும் அரிப்பும் இருந்தால் டாக்டரிடம் தொழிலைச் சொல்லுங்கள்.

4. சிமெண்ட்: கட்டட வேலைக்குப் பெங்களூரு, ஓசூர் போகும் சகோதரர்களே! சிமெண்டில் உள்ள குரோமியம் உப்பு கைகால்களில் தீராத கரப்பானை உண்டாக்கும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

செடியாலும் சிமெண்டாலும் வரும் கரப்பானுக்குக் காரணத்தை விலக்குவதே முதல் மருந்து. காரணம் தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் களிம்பு மட்டும் பலன் தராது.

5. பாத்திரம் தேய்க்கும் கை: தாய்மார்களே, பாத்திரம், துணி, பூண்டு, வெங்காயம் என்று நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கும் கை வெடிக்கத்தான் செய்யும். வேலை முடிந்து ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தடவுங்கள். கணவன்மார்கள் நாளுக்கு ஒரு வேளை பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்தால் அதுவும் ஒரு வைத்தியம்தான்!

கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும்

கர்ப்ப காலத்தில் மென்மையான, நடுத்தரக் களிம்பைப் பூசலாம். வலுவான களிம்பைக் கர்ப்ப காலம் முழுவதும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பூசினால் பிள்ளையின் எடை குறையக்கூடும் என்று அறியப்பட்டுள்ளது. ஆகவே பரிசோதனைக்கு வரும்போது டியூபையும் எடுத்து வந்து காட்டுங்கள். நீங்களாக நிறுத்தி, அரிப்பில் அவதிப்படவும் வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு மார்புக் காம்பில் கரப்பான் இருந்தால், பால் கொடுத்து முடித்த பிறகு பூசி, அடுத்த தடவை கொடுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள்

1. நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டுவது, சீழ் வைப்பது.
2. காய்ச்சலுடன் தோல் சிவந்து சுடுவது.
3. கரப்பானின் மேல் ஒரே மாதிரியான சிறு கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகத் திடீரென்று எழும்பி, வலியும் காய்ச்சலும் இருப்பது. இது அக்கியைச் சேர்ந்த கிருமியின் தாக்குதலாக இருக்கலாம். அவசரம். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.
4. சரியாகப் பூசியும் இரண்டு வாரத்தில் அடங்காதது.
5. பூசும் இடத்தில் தோல் மெலிவது, சிவப்பு நரம்பு அல்லது வரி விழுவது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். தேவைப்பட்டால் அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

இருவருக்கும் ஒரு வார்த்தை

பிள்ளைக்குக் கரப்பான் என்றால் தாய் மட்டும் கண் விழிப்பது, தாய் மட்டும் ஆஸ்பத்திரிக்கு நடப்பது, தாய் மட்டும் திட்டு வாங்குவது என்று இருக்கக் கூடாது. காலையில் எண்ணெய் தாய் தடவினால், ராத்திரிக் களிம்பைத் தகப்பன் பூசட்டும். ஆண் பிள்ளைக்கு டாக்டர், பெண் பிள்ளைக்குக் கைவைத்தியம் என்ற பாகுபாடும் வேண்டாம். அரிப்பு இருவருக்கும் ஒன்றுதான். நிறம் கறுத்துவிடும் என்று பயந்து பெண் பிள்ளையின் முகத்தில் வலுவான களிம்பைப் பூசிக் கெடுத்துவிடாதீர்கள். கரப்பான் அடங்கி, மறுபடி கிளம்பாமல் இருந்தால் கறுப்பும் மெல்ல மெல்லத் தானே மறையும்.

படித்த பின் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்

1. கரப்பான் தொட்டால் பரவுமா?
2. தினப் பூச்சை எப்போது நிறுத்த வேண்டும்? கண்ணால் பார்த்தா, விரலால் தடவியா?
3. ஆறிய பிறகு வாரத்தில் எத்தனை நாள், எந்தெந்த இடத்தில் பூச வேண்டும்? நம் வீட்டில் எந்த நாள்?
4. ஒரு விரல்நுனி அளவு எத்தனை உள்ளங்கைக்குப் போதும்?
5. படர்தாமரையில் இக்களிம்பைப் பூசினால் என்ன ஆகும்?
6. மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டிய தேதி என்ன?

ஆறு கேள்விக்கும் இருவரும் பதில் சொல்லிவிட்டால், இந்தத் தாளைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். கரப்பான் உள்ள பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம். கரப்பான் வருமுன் காவல் வைப்போம்!